கணினிகளுக்கிடையே பொருள் செல்லும் வழி

நம் கல்லூரியிற் பயின்று, இன்று கணினித் துறையில் விளங்கும் பழைய மாணவர் சிலர் என்னைக் காணும்போது, "ஐயா, எங்கள் தொழிலைத் தமிழில் விளக்குவது அரிது" என்பர். அரிதன்று என்பதே என் எண்ணம். மலைநாட்டார் நன்கறிந்த தேயிலையையே சான்றாகக் கொண்டு, அத்தொழிலின் ஒரு கூற்றை ஈண்டு விளக்க முயல்வேன்.

கொழும்பில் முதலாவது தேயிலை ஏலம் 1883ஆம் ஆண்டு யூலை 30ஆந் திகதி நடைபெற்றது. தரகரும் வாங்குவோரும் ஒரு மண்டபத்திற் கூடி ஏலம் நிகழ்த்துவதே பல தலைமுறையாக வழக்கம். 2020ஆம் ஆண்டு ஏப்பிரிலில், கொரோனாத் தொற்றின் காரணமாக, அவ்வேலம் கணினி வழிக்கு மாறியது. அட்டனிலோ நுவரெலியாவிலோ விளைந்த தேயிலை களஞ்சியத்திற் கிடக்க, அதன் விவரம் மட்டும் கணினிக்குக் கணினி செல்லும் நிலை உண்டாயிற்று. விவரத்தை அனுப்பியும் கேட்டும் நிற்பது பயனர் செயலி. அதனை ஏற்று விடை தருவது சேவையகம்.

அனுப்பப்படும் விவரம் தனியொரு சொல்லன்று. தோட்டத்தின் பெயர், பட்டியல் இலக்கம், பீ.ஓ.பீ. முதலிய தரம், பொதிகளின் தொகை, ஒரு பொதியின் நிறை, உற்பத்தி நாள் ஆகிய பல உறுப்புகள் சேர்ந்த ஒரு முழுமை அது. அம்முழுமைக்கு நாமே ஒரு வகையை வகுத்து, 'தேயிலைத் தொகுதி' எனப் பெயரிடலாம். அவ்வகையைச் சார்ந்த ஒவ்வொன்றையும் 'பொருள்' என்பர் கணினி வல்லுநர்.

இப்பொருளை அவ்வாறே அனுப்பவியலாதோ? இயலாது. கணினியின் நினைவகத்தில் அதன் உறுப்புகள் பலவிடத்துஞ் சிதறிக் கிடக்கும். இன்னது இன்னவிடத்துளது என்னும் முகவரிகளே அவற்றைப் பிணைக்கும். ஒரு தோட்டத்து இலய இலக்கம் மறு தோட்டத்திற் பயன்படாதவாறு போல, அம்முகவரிகள் மற்றொரு கணினியிற் பயன்படா. ஆதலின் உறுப்புகளை நிரலே எழுத்தாக்கி, ஒரே சரமாகக் கோத்து அனுப்புவர். இது தொடராக்கம் எனப்படும். பெற்ற கணினி அச்சரத்தைப் பிரித்து, தன் நினைவகத்திற் பொருளை மீண்டும் அமைக்கும்.

ஈண்டு ஒன்று நோக்குக. 20 பொதி, பொதிக்கு 50 கிலோ எனின் மொத்தம் 1,000 கிலோ. பெருக்கிக் காணும் அவ்விதி பொதுவாகச் சரத்திற் செல்வதில்லை; இரு புறத்தும் முன்னரே எழுதப்பட்டிருத்தல் வேண்டும். பண்பு பயணஞ் செய்யும், செயல் வீட்டிலிருக்கும்.

இடர் விளைவது வகை மறைந்துபோம்போது. இன்று பெருவழக்காயுள்ள ஜேசன் என்னும் எழுத்துமுறை எழுத்துச்சரம், எண், மெய்பொய், வெறுமை, வரிசை, பொருள் என்னும் ஆறு வகைகளையே அறியும். நாளுக்குத் தனிவகை அதில் இல்லை. 04-07 எனச் சென்றால், ஏப்பிரில் 7 என ஒருவரும் யூலை 4 என மற்றொருவரும் கொள்வர். எனவே ஆண்டு, மாதம், நாள் என்னும் ஒழுங்கில் 2020-07-04 என எழுதுவதென இரு புறத்தாரும் உடன்படுதல் நன்று.

இதனாற் கேடென்ன என்பார்க்குக் கொழுந்து மடுவத்தைக் காட்டுவேன். ஒரு தாய் காலையில் 9 கிலோவும் நண்பகலில் 8 கிலோவும் கொழுந்து நிறுக்கிறாள் எனக் கொள்வோம். எண்ணாகச் சென்றால் கூட்டுத்தொகை 17. எழுத்தாகச் சென்றால், சில கணினி மொழிகள் இரண்டையும் அடுத்தடுத்து ஒட்டி 98 என்னும்! நிறையின் அலகு கூறப்படாவிடின் கிலோவோ இறாத்தலோ எனவும் தெரியாது. இலயத்திற் பிறந்து வளர்ந்த நமக்கு, முழுப்பேருக்கும் அரைப்பேருக்கும் உள்ள வேற்றுமையை எவருஞ் சொல்லித்தர வேண்டியதில்லை. கணினி பிழைத்தால் கூலி பிழைக்கும்.

வந்ததை அவ்வாறே நம்புதலுந் தகாது. தீயோர் புனைந்த சரத்தை ஆராயாது பொருளாக்கிய சேவையகங்கள் பிறர் வசப்பட்டதுண்டு. கூடையில் உள்ளதைக் கேட்டெழுதாமல் தராசிலிட்டு நிறுப்பதுபோல, சேவையகமும் ஒவ்வோர் உறுப்பையும் சோதித்தே ஏற்றல் வேண்டும்.

தமிழாசிரியனாகிய எனக்கு இது புதுமையாகத் தோன்றவில்லை. தொல்காப்பியர் சொல்லதிகாரத்தை உயர்திணை, அஃறிணை என்னும் பகுப்போடு தொடங்குகின்றார். வந்தது யாதென அறிந்தாலன்றி 'வந்தான்' என்பதோ 'வந்தது' என்பதோ கூறவியலாது. பேசுவோனும் கேட்போனும் ஒரே இலக்கணத்தை உடையராயின் பொருள் சிதையாது சென்று சேரும். கணினிக்கும் அதுவே நெறி.

ஆதலின், மாணவர்காள், நாளை நீவிர் மடுவத்துத் தராசையும் அலுவலகக் கணினியையும் இணைக்க நேரின், முதலில் வகையை வரையறுத்து எழுதுங்கள். பின்னர்க் கம்பியை இணையுங்கள். அவ்வெண்ணுக்குப் பின்னால் ஒருத்தியின் நாளுழைப்பு நிற்கின்றது.