நாய்க்கு எதற்கு வேஸ்ட் ஆயில்?

வடசென்னையின் வியாசர்பாடியில் மெக்கானிக் ஷெட்டுகளுக்குப் பஞ்சமில்லை. வண்டிக்கு ஆயில் மாற்றும்போது தட்டில் கன்னங்கரேலென்று இறங்கும் வேஸ்ட் ஆயிலில் கொஞ்சம் கேட் கீலுக்குப் போகும், கொஞ்சம் சைக்கிள் செயினுக்கு. சில நேரம், முடியெல்லாம் கொட்டிக் காதோரம் பொருக்கு தட்டிப்போன தெருநாயின் முதுகுக்கும் போகும். ‘ரெண்டு வாட்டி தடவு, சொறி ஓடிடும்’ என்பது பல ஊர்களில் உலவும் கைவைத்தியம். அமெரிக்கக் கிராமங்களிலும் இதே நம்பிக்கை உண்டு.

தடவுகிறவர்கள் இரக்கமுள்ளவர்கள். மற்றவர்கள் கல்லெறிந்து விரட்டும் நாயைத் தொட்டு மருந்து போடுகிறார்கள். மருந்துதான் தவறு.

ஓடிய ஆயிலில் எஞ்சினின் உலோகத் துகள், ஈயம், எரியாத பெட்ரோல், புற்றுநோய் உண்டாக்கக்கூடிய வேதிப்பொருட்கள் எல்லாம் கலந்திருக்கும். இந்தியாவின் 2016 விதிகள் இதை அபாயகரக் கழிவாகவே வகைப்படுத்துகின்றன. நாயோ உடம்பில் எது பட்டாலும் நக்கும். 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோது, கூழைக்கடாக்கள் இறகில் எண்ணெய் அப்பித் தவித்ததை வடசென்னை பார்த்தது. அப்படிப்பட்ட பறவை அலகால் இறகைக் கோதும்போது எண்ணெய் வயிற்றுக்குள் போகிறது. நாய்க்கு அந்த வேலையை நாக்கு செய்கிறது. கல்லீரலும் சிறுநீரகமும் அடி வாங்குகின்றன.

பிறகு எப்படிச் சில நாய்கள் தேறுகின்றன? சொறியில் இரண்டு வகை முக்கியம். ஒன்றில் உண்ணிப்பூச்சி தோலைக் குடைந்து உள்ளே முட்டையிடும். மேலே பூசும் எண்ணெய் அங்கே சரியாக எட்டாது. இந்த வகைச் சொறி மனிதருக்கும் அரிப்பைத் தரும். இன்னொன்று முடிக்காலில் வாழும் பூச்சியால் குட்டிகளுக்கு வருவது. அது லேசாக இருந்தால், எதிர்ப்புச் சக்தி வளர வளரப் பெரும்பாலும் தானாகவே ஆறிவிடும். பெயர் மட்டும் ஆயிலுக்குப் போய்ச் சேரும்.

எந்த வகை என்று அறிய, தோலை லேசாகச் சுரண்டி மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் போதும். 1903-இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை, பக்கத்தில் வேப்பேரியிலேயே இருக்கிறது. சொறிக்கு இப்போது மாதம் ஒருமுறை கொடுக்கும் மாத்திரைகளே வந்துவிட்டன.

ஏற்கெனவே ஆயில் தடவியாகிவிட்டதா? கையுறை மாட்டிக்கொண்டு, பாத்திரம் கழுவும் லிக்விடும் வெதுவெதுப்பான தண்ணீரும் கொண்டு கழுவுங்கள், மண்ணெண்ணெய் வேண்டாம். நக்கியிருந்தால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடலாம். உடனே மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.