சைலென்சர் மாற்றினால் பவர் கூடுமா? உதிரி பாக வணிகர்கள் அறிய வேண்டியவை

மோட்டார் சைக்கிள் உதிரி பாகங்கள் வியாபாரத்தில் இருக்கும் நம் உறுப்பினர்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. இருபது, இருபத்தைந்து வயது இளைஞர் ஒருவர் கடைக்கு வருகிறார். "அண்ணே, வண்டி நல்லா இழுக்கணும், சவுண்டும் கும்முனு வரணும். எந்த சைலென்சர் போடலாம்?" என்று கேட்கிறார். கவுண்டரில் நிற்கும் பையன் மேல் தட்டிலிருந்து பளபளவென்று ஒரு ப்ரீ ப்ளோ சைலென்சரை எடுத்துக் கொடுக்கிறான். பில் போட்டாயிற்று, காசு கல்லாவில் விழுந்தாயிற்று. பதினைந்து நாளில் அதே இளைஞர் திரும்பி வருகிறார். வண்டி முன்பு போலக்கூட இழுக்கவில்லை, ஆக்ஸிலேட்டரை விட்டால் 'டப் டப்' என்று வெடிக்கிறது, என்ஜின் சூடு தாங்கவில்லை என்கிறார். பொருள் மட்டம் என்ற பழி கடைக்காரர் தலையில் விழுகிறது. பெரும்பாலும் பொருளில் குறை இருப்பதில்லை. சைலென்சரோடு சேர்ந்து மாற வேண்டிய மற்றவை மாறவில்லை என்பதுதான் காரணம். அது என்ன என்று விற்பவருக்குத் தெரிந்திருந்தால், எதை விற்பது, எதை விற்காமல் விடுவது என்று அவரே முடிவு செய்து கொள்ளலாம்.

என்ஜினின் பலம் பெட்ரோலில் மட்டும் இல்லை, காற்றிலும் இருக்கிறது. ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். கணக்குப் போட்டுப் பார்த்தால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்குச் சுமார் 9,000 லிட்டர் காற்று! அத்தனை காற்றும் ஏர் பில்டர் வழியாக உள்ளே போய், புகையாக சைலென்சர் வழியாக வெளியே வந்தாக வேண்டும். முழு வேகத்தில் அதிகபட்ச பவர் வேண்டுமானால் பெட்ரோல் சற்றுத் தூக்கலாக, ஒரு கிலோவுக்குப் பன்னிரண்டரை முதல் பதின்மூன்று கிலோ காற்று என்ற அளவில் கலக்க வேண்டும். மெக்கானிக்குகள் பேச்சில் பெட்ரோல் குறைந்த கலவை 'லீன்', கூடிய கலவை 'ரிச்'. மைலேஜுக்காகவும் புகைக் கட்டுப்பாட்டுக்காகவும் கம்பெனியிலிருந்து வரும் வண்டிகள் பலவும் லீன் பக்கமே அமைக்கப்பட்டிருக்கும். பிரச்சினை இங்கேதான் தொடங்குகிறது.

சைலென்சர் சத்தத்தை அடக்கும் குழாய் மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது என்ஜினின் ஒரு பாகமாகவே வேலை செய்கிறது. எக்ஸாஸ்ட் வால்வு திறந்தவுடன் புகை ஓர் அழுத்த அலையாகப் பெண்ட் பைப்பில் பாய்கிறது. குழாய் அகலமாகும் இடத்தில் அந்த அலை, உறிஞ்சும் அலையாக மாறித் திரும்பி வருகிறது. எக்ஸாஸ்ட் வால்வு மூடாமலும் இன்லெட் வால்வு திறக்கத் தொடங்கியும் இருக்கும் அந்தக் கண நேரத்தில் உறிஞ்சும் அலை வந்து சேர்ந்தால், மிச்சப் புகையை இழுத்து வெளியே தள்ளி, புதுக் கலவையையும் உள்ளே இழுக்கும். என்ஜினுக்குச் செலவில்லாமல் கிடைக்கும் லாபம் இது. நேரம் தப்பி வந்தால் லாபம் நஷ்டமாகிவிடும். நீளமான, ஒடுங்கிய பைப் குறைந்த வேகத்தில் நன்றாக இழுக்கும். குட்டையான, அகன்ற பைப் அதிக ஆர்.பி.எம்.மில்தான் பலன் தரும். ஆகவே வெறும் பைப்பை மாட்டிக்கொண்டு நகர நெரிசலில் ஓட்டுபவருக்கு, சிக்னலில் கிளம்பும்போது வண்டி சோம்பலாக இருப்பதில் ஆச்சரியம் இல்லை. காது மட்டும் வேகமாகப் போவதாக நினைத்துக்கொள்ளும்.

"என்ஜினுக்கு பேக் பிரஷர் வேண்டும்; அது இல்லாததால்தான் இழுக்கவில்லை" என்று சில மெக்கானிக்குகள் சொல்வார்கள். அது முழுக்கச் சரியில்லை. புகை வெளியேறத் தடை இருப்பதை எந்த நான்கு ஸ்ட்ரோக் என்ஜினும் விரும்புவதில்லை. அதற்கு வேண்டியது குழாயில் புகையின் வேகமும், அலை திரும்பி வரும் நேரமும். அளவு தெரியாமல் குழாயை அகலப்படுத்தினால் இரண்டும் கெடுகின்றன. அதைப் பார்த்துவிட்டு பேக் பிரஷர் என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

ஜெட் மாற்றாமல் முடியாது

கார்புரேட்டர் வண்டிகள் இன்னும் லட்சக்கணக்கில் சாலையில் ஓடுகின்றன, அவற்றை எடுத்துக்கொள்வோம். ப்ரீ ப்ளோ சைலென்சர் போட்டு, ஏர் பில்டர் பெட்டியையும் திறந்துவிட்டால் காற்று தாராளமாகப் போகும். ஆனால் ஜெட்டின் துளை பழைய அளவுதானே? கலவை மேலும் லீன் ஆகிவிடும். ஆக்ஸிலேட்டரை விடும்போது வெடிப்பது, பெண்ட் பைப் நீலம் பாய்ந்து நிறம் மாறுவது, ஏற்றத்தில் மூச்சு வாங்குவது எல்லாம் இதன் அறிகுறிகள். அப்படியே விட்டால் வால்வு கருகும், பிஸ்டன் கெடும்.

கார்புரேட்டரில் ஒவ்வொரு பாகத்துக்கும் ஓர் எல்லை உண்டு. ஐடிலிங்கிலும் ஆக்ஸிலேட்டரைத் திருகத் தொடங்கும்போதும் பைலட் ஜெட்டும் ஏர் ஸ்க்ரூவும் வேலை செய்கின்றன. கால் பங்கிலிருந்து முக்கால் பங்கு வரை நீடிலின் ஆட்சி. அதற்கு மேல் முழுத் திறப்பு வரை மெயின் ஜெட். ஜெட்டில் பொறித்திருக்கும் எண் கூடினால் துளை பெரிது. நீடிலின் கிளிப்பை ஒரு காடி கீழே இறக்கினால் நீடில் உயர்ந்து கலவை ரிச் ஆகும். பல மெக்கானிக்குகள் ஏர் ஸ்க்ரூவை மட்டும் அரைச் சுற்றுத் திருகிவிட்டு 'ட்யூனிங் முடிந்தது' என்கிறார்கள். நூறில் ஓடும் வண்டிக்கு அந்தத் திருகலால் பயன் இல்லை. அங்கே மெயின் ஜெட்தான் பேசும்.

சரிபார்க்கும் வழியும் உண்டு. புதுப் பிளக் போட்டு, ஆள் நடமாட்டம் இல்லாத பாதுகாப்பான இடத்தில் முழு ஆக்ஸிலேட்டரில் சற்று ஓட்டி, சட்டென்று கிளச்சைப் பிடித்து என்ஜினை நிறுத்தி, பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். உள்ளே இளம் பழுப்பு நிறம் இருந்தால் நல்லது. சுண்ணாம்பு போல் வெளுத்திருந்தால் லீன். புகைக்கரி படிந்திருந்தால் ரிச். ஈயம் கலக்காத பெட்ரோல் வந்த பிறகு இந்த நிறம் முன்பு போல் தெளிவாகத் தெரிவதில்லை என்பதால், ஒரே சோதனையில் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

ஒரு சிறு பொருளையும் மறக்க வேண்டாம். சைலென்சரைக் கழற்றிப் பூட்டும்போது என்ஜின் வாயில் இருக்கும் எக்ஸாஸ்ட் கேஸ்கெட் நசுங்கிப்போயிருக்கும். பழையதையே வைத்துப் பூட்டினால் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டு, கலவை சரியாக இருந்தாலும் வெடிச் சத்தம் வரும். சைலென்சர் விற்கும்போது ஒரு கேஸ்கெட்டும் சேர்த்துக் கொடுப்பது கடைக்கும் நல்லது, வாங்குபவருக்கும் நல்லது. கண்ணாடி நார் அடைத்த சைலென்சர்களில் நார் நாளடைவில் கருகிப் பறந்து சத்தம் கூடிக்கொண்டே போகும் என்பதையும் சொல்லி விற்க வேண்டும்.

இரண்டு ஸ்ட்ரோக் சங்கதி வேறு

யமஹா ஆர்.எக்ஸ். 100 நம் நாட்டில் 1985-ல் வந்தது. 1996-ல் உற்பத்தி நின்றது. ஆனாலும் அதன் பாகங்களுக்கு இன்றும் கிராக்கி இருப்பது வணிகர்களுக்குத் தெரியும். 98 சி.சி.யில் 11 குதிரைத்திறன் தந்த அந்த என்ஜினுக்கு சைலென்சர்தான் பாதி உயிர். வால்வு இல்லாத இரண்டு ஸ்ட்ரோக் என்ஜினில் புதுக் கலவையில் ஒரு பகுதி எக்ஸாஸ்ட் துவாரம் வழியே தப்பி ஓடிவிடும். நடுவில் வயிறு பருத்து முடிவில் கூம்பாகக் குறுகும் சைலென்சரில், விரியும் பகுதி கலவையை இழுக்கிறது. குறுகும் பகுதி ஓர் அழுத்த அலையைத் திருப்பி அனுப்பி, தப்பிய கலவையைத் துவாரம் மூடும் முன் சிலிண்டருக்குள் தள்ளிவிடுகிறது. கிழக்கு ஜெர்மனியின் எம்.இசட். நிறுவனத்தில் வால்டர் காடன் என்ற பொறியாளர் 1950-களில் இதைத் தேர்ந்த கலையாக்கினார். 1961-ல் அவருடைய 125 சி.சி. ரேஸ் என்ஜின் 25 குதிரைத்திறனை எட்டியது. அதே ஆண்டு அவர்களுடைய ஓட்டக்காரர் எர்ன்ஸ்ட் டெக்னர் நாட்டைவிட்டு வெளியேறி ஜப்பானின் சுசுகியில் சேர்ந்தார். மறு ஆண்டே சுசுகி 50 சி.சி. உலகப் பட்டத்தை வென்றது. ஒரு குழாயின் வடிவத்துக்கு இருந்த மதிப்பு அவ்வளவு!

இப்படிக் கணக்குப் பார்த்துச் செய்த பைப்பின் வாலில் இருக்கும் பேபிளை உருவி எறிந்துவிட்டு, பவர் கூடிவிட்டது என்று நம்புகிறவர்களை என்ன சொல்வது? வால் துவாரம் அளவுக்கு மேல் பெரிதானால் உள்ளே நிற்க வேண்டிய அழுத்தம் போய்விடும். கூடவே கலவையும் லீன் ஆனால், சூட்டில் பிஸ்டன் ஜாம் ஆகும். சிலிண்டர் போரிங், புது பிஸ்டன், ரிங் என்று செலவு நீளும்.

புது வண்டிகளில்

2020 ஏப்ரல் 1 முதல் பாரத் ஸ்டேஜ் 6 விதிகள் வந்த பிறகு, புது வண்டிகளில் அநேகமாகக் கார்புரேட்டரே இல்லை. ப்யூயல் இஞ்செக்ஷனும், அதை நடத்தும் இ.சி.யு. பெட்டியும், புகையில் ஆக்ஸிஜனை அளக்கும் சென்சாரும் வந்துவிட்டன. "கம்ப்யூட்டர் தானே சரி செய்துகொள்ளும்" என்று வாடிக்கையாளர் சொல்லக்கூடும். நிதானமாக ஓட்டும்போது ஓர் எல்லைக்குள் சரி செய்யும். ஆக்ஸிலேட்டரை முழுதாகத் திருகினால் அது சென்சாரைப் பாராமல் கம்பெனி எழுதிவைத்த கணக்கின்படியே பெட்ரோலை விடும். பவர் வேண்டிய இடத்தில்தான் திருத்தம் கிடைக்காது! அதற்கென்று தனிப் பெட்டி வாங்கி, டைனோவில் ஏற்றி அளந்து அமைக்க வேண்டும். இதற்கு மேல், பழைய சைலென்சரோடு கேட்டலிடிக் கன்வெர்ட்டரும் போய்விடுகிறது, வாரண்டியும் போய்விடும்.

இத்தனையும் செய்தால் எவ்வளவு கூடும்? சிலிண்டர் ஹெட், கேம், கம்ப்ரெஷன் எதையும் தொடாமல் சைலென்சரும் ஜெட்டும் மட்டும் மாற்றினால், சிறிய வண்டியில் ஓட்டுபவர் உணர்வதே கடினம். பழைய புல்லட் 350 தந்தது 18 குதிரைத்திறன். அதில் ஒன்று கூடினாலே பெரிது. மாறாக அடைத்துப்போன ஏர் பில்டர், தேய்ந்த கிளச் பிளேட், இறுகிய பிரேக், தளர்ந்த செயின், காற்றுக் குறைந்த டயர், அளவு தப்பிய டேப்பட் ஆகியவற்றால் வண்டி இழப்பது அதைவிட அதிகமாகவே இருக்கும். 'இழுக்கவில்லை' என்று வருபவரிடம் முதலில் இவற்றைக் கேட்பதே முறை. இவை அனைத்தும் நம் அலமாரியில் இருக்கும் பொருள்கள்தானே.

சட்டம் என்ன சொல்கிறது

வாங்குபவருக்கு மட்டுமல்ல, பழுது பார்க்கும் தொழிலையும் சேர்த்து நடத்தும் வணிகருக்கும் இது முக்கியம். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, கம்பெனி கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்ற உரிமையாளருக்கு உரிமை இல்லை. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியின்றி மாற்றும் உரிமையாளருக்கு மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். சத்தம், புகை விதிகளை மீறி ஓட்டினால் 10,000 ரூபாய் வரை அபராதமும் மூன்று மாதம் லைசென்ஸ் இழப்பும் உண்டு. வண்டி பழுது பார்ப்பவரும் இச்சட்டத்தின் சொற்பொருளில் 'டீலர்' என்பதில் அடங்குவார். டீலர் விதிக்கு மாறாக வண்டியை மாற்றினால் வண்டி ஒன்றுக்கு 1 லட்சம் ரூபாய் அபராதம் அல்லது ஓராண்டு வரை சிறை. கடை வாசலிலேயே சைலென்சரை மாட்டிக் கொடுப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

உற்பத்தி நிலையில் இரு சக்கர வாகனத்துக்கு அனுமதித்த சத்தம் 80 சி.சி. வரை 75 டெசிபல், 175 சி.சி. வரை 77, அதற்கு மேல் 80. இரண்டு மூன்று டெசிபல்தானே என்று நினைக்க வேண்டாம். 3 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் இரு மடங்கு. பறிமுதல் செய்த சைலென்சர்களைச் சாலையில் வரிசையாக அடுக்கி, போலீசார் ரோடு ரோலர் ஏற்றி நசுக்கிய படங்களைப் பத்திரிகைகளில் பார்த்திருப்பீர்கள்.

நேர்மையான சந்தையும் இருக்கிறது. இருங்காட்டுக்கோட்டையில் 1990-ல் தொடங்கிய பந்தயத் தளமும், கோவை செட்டிபாளையத்தில் 2003-ல் வந்த காரி மோட்டார் ஸ்பீட்வேயும் நம் மாநிலத்திலேயே உள்ளன. பந்தயத்துக்கென்றே வண்டி வைத்திருப்போருக்கு சைலென்சர், ஜெட் செட், கேஸ்கெட், பிளக் எல்லாம் சேர்த்து விற்பதில் தடை ஒன்றும் இல்லை. அப்படி விற்கும்போது 'பந்தயத் தளத்துக்கு மட்டும், பொதுச் சாலைக்கு அல்ல' என்று பில்லிலேயே எழுதி, வாங்குபவர் கையொப்பம் பெற்று, நகலை எடுத்து வையுங்கள். கம்பெனி சைலென்சரைக் கழற்றுபவரிடம் அதைத் துடைத்து எண்ணெய் தடவிப் பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள். வண்டியை விற்கும் நாளிலோ, எப்.சி. புதுப்பிக்கும் நாளிலோ அதைத்தான் அவர் தேடுவார்.