உறைக்குள் போகாத பெறுமானம்

"தரம் 11 என்று மேலே மாறியில் வைத்தேன், உள்ளே அது வேலை செய்யவில்லையே!" போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் பழகும் மாணவிகள் பலருக்கு இந்தச் சந்தேகம் வரும்.

காரணம் எளிது. நாம் கட்டளை தட்டும் பிஎஸ்கியூஎல் செயலி பயனர் பக்கத்தில் இருக்கிறது. 'செட்' கட்டளையால் அமைக்கும் மாறி அதற்கு மட்டுமே சொந்தம். சேவையகத்துக்கு அனுப்புமுன், முக்காற்புள்ளியிட்ட மாறிப் பெயர் இருக்கும் இடத்தில் பெறுமானத்தை எழுதிவிடும். ஆனால் இரட்டை டொலர்க் குறிகளுக்கிடையே உள்ள பகுதி ஒட்டிய கடித உறை போன்றது. தபாற்காரர் உறைக்குள் கை வைக்கமாட்டார்.

அதனால் சிலர் ஒவ்வொரு முறையும் உள்ளே உள்ள இலக்கத்தைக் கையால் மாற்றுவர். ஒருநாள் மாற்ற மறந்தால்? தரம் 11க்கான திருத்தம் தரம் 10 மாணவிகளின் புள்ளிகளில் விழும்.

சரியான வழி இது: உறைக்கு வெளியே 'செட்_கொன்ஃபிக்' மூலம் பெறுமானத்தைச் சேவையகத்தின் அறிவித்தற் பலகையில் எழுதுங்கள். உள்ளே 'கரண்ட்_செட்டிங்' அதை வாசிக்கும். பெயர் 'பாடசாலை.தரம்' போல, நடுவே புள்ளியுடன் இரு பகுதியாக இருக்கவேண்டும். மூன்றாவது இடத்தில் 'ஃபோல்ஸ்' என்றிட்டால் இணைப்பு முடியும்வரை அது நிலைக்கும். கிடைப்பது எழுத்து வடிவம். எண்ணாக மாற்றியே கணக்கில் சேர்க்கவேண்டும்.

புதிய இணைப்பில் எழுத மறந்தால், பிழைச் செய்தியோடு வேலை நின்றுவிடும். யாரோ ஒரு மாணவியின் புள்ளி தவறாக மாறுவதைவிட, நின்றுபோவது நல்லதல்லவா?