லண்டன் லப்டொப்பில் லினக்ஸ்: கேமும் ஓடும், ‘கிராக்’கும் வேண்டாம்

விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்தன. கிளிநொச்சியிலோ முள்ளியவளையிலோ அன்றைக்கு யாருடைய லப்டொப்பும் நின்றுபோகவில்லை. மறுநாளும் திரை வந்தது, யூடியூப் ஓடியது, பெடியள் ஜிடிஏ விளையாடினார்கள். விஷயம் பெரிதாகப் பேசப்படாமல் போனதற்கு அதுதான் காரணம்.

வன்னியில் பல வீடுகளுக்குக் கணினி வந்த வழியே வேறு. ரொறன்ரோவிலோ லண்டனிலோ இருக்கும் சித்தப்பா, வேலையிடத்தில் கழித்துவிட்ட லப்டொப்பைச் சூட்கேசில் உடுப்புகளுக்கு நடுவே வைத்து, வற்றாப்பளைப் பொங்கலுக்கு வரும்போது கொண்டுவந்து கொடுத்திருப்பார். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360ஐத் தொட்டபின், கடையில் புதிதாக வாங்கும் எண்ணத்தையே பலர் விட்டுவிட்டார்கள். அப்படி வந்து சேர்ந்த கணினிகளில் பல 2018க்கு முந்தியவை. விண்டோஸ் 11 கேட்பதோ இன்டெல் எட்டாம் தலைமுறைச் செயலியும் டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சிப்பும். எட்டாம் தலைமுறை சந்தைக்கு வந்ததே 2017இல்தான். இந்த நிபந்தனையால் உலகம் முழுவதும் 24 கோடிக் கணினிகள் குப்பைக்குப் போகக்கூடும் என்று 2023இலேயே ஒரு சந்தை ஆய்வு நிறுவனம் கணக்குச் சொன்னது. அந்தக் குப்பையில் ஒரு பங்கு இனி வரும் வருடங்களிலும் சூட்கேசில் ஏறி வன்னிக்கு வரத்தான் போகிறது.

வந்ததும் அந்த லப்டொப் போகும் இடம் சந்தியில் உள்ள கணினிக் கடை. “போர்மட் அடிச்சு 11ஐப் போட்டுத் தாறன், நாளைக்கு வாங்கோ” என்பார்கள். நிபந்தனையைச் சுற்றி வரக் குறுக்குவழிகள் உண்டு. உரிமம் வாங்காமலே விண்டோசைத் திறந்துவிட ‘அக்டிவேட்டர்’ உண்டு. சில நூறு ரூபாயில் வேலை முடிந்துவிடும்.

அதற்குப் பதிலாக அதே லப்டொப்பில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டால் என்ன ஆகும்? 2 ஜிபி றாம் இருந்தாலே அது எழும்பிவிடும். 4 ஜிபி இருந்தால் தாராளம். மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை இலவசப் புதுப்பிப்பு இருக்கிறது. இறக்க வேண்டிய கோப்பு ஏறத்தாழ 3 ஜிபி. நடுச்சாமத்துக்குப் பிறகு கிடைக்கும் ‘நைட் டேட்டா’வில் அது வந்துவிடும். பென் டிரைவில் ஏற்றி, ஹார்ட் டிஸ்கைத் தொடாமலே ஓட்டிப் பார்க்கலாம். பழைய ஹார்ட் டிஸ்கைக் கழற்றி ஒரு எஸ்எஸ்டி போட்டால், எட்டு வருடம் பழையது என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

“எல்லாம் சரி, கேம் ஓடுமோ?” வீட்டுக்கு வீடு பெடியள் கேட்கும் முதல் கேள்வி இதுதான். பத்து வருடத்துக்கு முன் பதில் “இல்லை” என்பதற்குக் கிட்டத்தான் இருந்தது. 2018 ஓகஸ்டில் கேம் விற்கும் ஸ்டீம் தளத்துக்குள் ‘புரோட்டான்’ வந்தது. 1993 முதல் தன்னார்வலர்கள் எழுதிவந்த ‘வைன்’ என்ற மென்பொருள்தான் அதன் அத்திவாரம். விண்டோசுக்காக எழுதிய விளையாட்டு கேட்பதையெல்லாம் லினக்சுக்குப் புரியும்படி ஓடஓட மாற்றிக் கொடுப்பது அதன் வேலை. 2022இல் வந்த கைக்கணினியான ஸ்டீம் டெக் விண்டோஸ் விளையாட்டுகளை இந்த வழியில்தான் ஓட்டுகிறது. ஸ்டீமில் விளையாடுபவர்களில் லினக்ஸ்காரரின் பங்கு 2025 ஒக்டோபரில் முதன்முறையாக நூற்றுக்கு 3ஐத் தாண்டியது. கவுண்டர் ஸ்ட்ரைக் 2, டோட்டா 2 இரண்டுக்கும் புரோட்டான்கூடத் தேவையில்லை. லினக்சுக்கென்றே பதிப்பு இருக்கிறது. இன்னமும் கைவிடப்படாத கிரிக்கெட் 07 போன்ற பழசுகளையும் வைன் ஓட்டும்.

ஓடாதவையும் இருக்கின்றன. வலோரன்ட் ஓடாது, ஃபோர்ட்நைட் ஓடாது. அதுவரை ஓடிக்கொண்டிருந்த எபெக்ஸ் லெஜண்ட்ஸ் 2024 ஒக்டோபர் கடைசியில் லினக்ஸ்காரரை வெளியே விட்டுக் கதவைச் சாத்தியது. ஜிடிஏ 5இல் கதைப் பகுதியைத் தனியாக விளையாடலாம். ஒன்லைன் பகுதி 2024 செப்டெம்பரோடு மூடிக்கொண்டது. களவாட்டம் பிடிக்கும் மென்பொருள்தான் எல்லாவற்றுக்கும் காரணம். அவற்றில் பல விண்டோசின் அடிமட்டத்தில், கேர்னலில், குடியிருக்க இடம் கேட்பவை. ஒரு விளையாட்டுக்கு அவ்வளவு உரிமை எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. பதினாறு வயதுப் பெடியன் அதைக் கேட்கப்போவதில்லை.

இன்னொரு உண்மையையும் சொல்லியாக வேண்டும். புரோட்டான் நன்றாக ஓட ‘வல்கன்’ என்ற வரைகலை வசதியின் 1.3 பதிப்பு வேண்டும். இன்டெல் நான்காம் தலைமுறையோடு வந்த வரைகலைச் சிப்புக்கு அது முழுமையாக இல்லை. ஆறாம் தலைமுறையிலிருந்து இருக்கிறது. ஆகவே நான்காம் தலைமுறை லப்டொப் படிக்க, எழுத, படம் பார்க்க, பழைய கேம் விளையாட உதவும். புதிய கேம்களுக்கு அதை நம்பக்கூடாது. விண்டோஸ் போட்டாலும் அந்தச் சிப்பில் அவை இழுத்து இழுத்துத்தான் ஓடும் என்பது வேறு கதை.

கேமை விடப் பெரிய கவலை அந்த அக்டிவேட்டர்தான். அதை இயக்குமுன் “வைரஸ் காவலை நிறுத்து” என்று அறிவுறுத்தல் வரும். வீட்டுக்காரரே காவல் நாயைக் கட்டிவைத்துவிட்டுக் கதவைத் திறந்துவிடுவது போன்றது அது. கிராக், கீஜென், அக்டிவேட்டர் என்ற பெயர்களில் 2019ஐ ஒட்டி உலகம் முழுக்கப் பரவியது ‘ஸ்டாப்’ என்ற பணயத் தீநிரல். அது கோப்புகள் எல்லாவற்றையும் பூட்டிவிட்டு 980 டொலர் கேட்கும். 72 மணி நேரத்துக்குள் கட்டினால் 490க்குக் குறைக்கும். 300 ரூபாய்க் கணக்கில் பார்த்தாலும் ஒன்றரை இலட்சத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. அந்த லப்டொப்பின் விலையே அவ்வளவு வராது.

பூட்டப்படுவது என்ன என்பதையும் யோசிக்க வேண்டும். 2009இல் போரால் இடம்பெயர்ந்த குடும்பங்கள் பல, அல்பங்களைப் பதுங்கு குழியிலும் வழியிலும் விட்டுவிட்டு வந்தன. வெளிநாட்டுச் சொந்தங்களிடம் எஞ்சியிருந்த படங்கள் ஸ்கான் பண்ணி அனுப்பப்பட்டு, இப்போது இந்த ஹார்ட் டிஸ்குகளில்தான் கிடக்கின்றன. எந்தக் கடையும் அவற்றுக்கு இரண்டாம் பிரதி எடுத்துக் கொடுப்பதில்லை.

இலங்கையில் பாவனையிலுள்ள கணினி மென்பொருளில் நூற்றுக்கு 79 உரிமம் இல்லாதது என்று 2015ஆம் ஆண்டுக்கான ஒரு பன்னாட்டுக் கணிப்பு சொல்லியது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் மென்பொருளையும் காக்கிறது. சட்டத்துக்குப் பயந்து வன்னியில் யாரும் மாறப்போவதில்லை. பூட்டுப்பட்ட படங்களுக்குப் பயந்தாவது மாறலாம்.

லினக்சுக்கு மாறினால் தமிழ் எழுதுவதில் சிக்கல் வரும் என்பது வீண் பயம். விண்ணப்பம், மரண அறிவித்தல், பரீட்சைத் தாள் என்று கொமினிகேசன் கடைகளில் பாமினி எழுத்துருவில் அடித்துக் குவிந்து கிடக்கும் கோப்புகள் மின்டோடு வரும் லிப்ரே ஒபிசில் திறக்கும். எழுத்துரு ஒரு சாதாரணக் கோப்புத்தான், இரண்டு தட்டில் ஏறிவிடும். ஆங்கில விசைகளையே அது பயன்படுத்துவதால் பழகிய விரல் பழகியபடியே தட்டும். யூனிகோட் வேண்டுமென்றால் விசைப்பலகைப் பட்டியலில் இலங்கைக்குரிய இடத்தில் தமிழ்நெற் 99 இருக்கிறது.

கணக்கு மென்பொருளையும் போட்டோஷொப்பையும் நம்பிப் பிழைக்கும் கடைகளும் ஸ்டூடியோக்களும் விண்டோசை விட முடியாது என்கின்றன. அவர்களுக்கு அது நியாயம்தான்.

திறந்த மூல மென்பொருள் இந்த மண்ணுக்குப் புதிதும் இல்லை. 2004 டிசெம்பர் 26 ஆழிப்பேரலை முல்லைத்தீவு உட்படக் கரையோரங்களை அழித்தபோது, காணாமற்போனோரையும் முகாம்களையும் பதிய இலங்கை நிரலாளர்கள் அவசரமாக எழுதிய ‘சஹானா’ அப்படிப்பட்டதுதான். பின்னர் அது 2005 பாகிஸ்தான் நிலநடுக்கத்துக்கும் 2010 ஹெய்ட்டிக்கும் போனது. 2006ஆம் ஆண்டுக்கான கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் சமூகப் பயன் விருதும் அதற்குக் கிடைத்தது.

இப்போது குறைவது கைப்பழக்கம் உள்ள ஆட்கள். லினக்ஸ் போட்ட லப்டொப்பில் வைஃபை வேலை செய்யவில்லை என்று கடைக்குக் கொண்டுபோனால், அங்கே அதைத் துடைத்துவிட்டுப் பழையபடி கிராக் விண்டோசையே போட்டு அனுப்புவார்கள். அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது. வவுனியாவில் 2021 முதல் தனிப் பல்கலைக்கழகமே இருக்கிறது. அந்த மாணவர்கள் மாதத்தில் ஒரு சனிக்கிழமை சந்தைப் பக்கம் மேசை போட்டு உட்கார்ந்தால் ஊருக்கே பழகிவிடும்.

வெளிநாட்டில் இருந்து இதை வாசிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை லப்டொப் கொண்டுவரும்போது விண்டோஸ் எது என்று பார்க்க வேண்டாம். செயலி ஆறாம் தலைமுறையா அதற்கு மேலா, றாம் 8 ஜிபியா என்று மட்டும் பாருங்கள். கூடவே, மின்ட் ஏற்றிய ஒரு பென் டிரைவையும் படங்களுக்கு இரண்டாம் பிரதி எடுக்க ஒரு வெளி ஹார்ட் டிஸ்கையும் பெட்டியில் வையுங்கள்.