நடுக்கம் என்னும் சொல்

பரீட்சைக்குப் போகும் பிள்ளைக்கு உதறல் எடுக்கிறது. மார்கழிக் குளிரில் முதியவர் வெடவெடக்கிறார். இருட்டில் பாம்பை மிதித்தவன் வெலவெலத்துப் போகிறான். பேச்சுத் தமிழ் இவ்வளவு நுட்பமாகப் பிரித்தறியும் இந்நிலைகளையெல்லாம் ஏட்டுத் தமிழ் நடுக்கம் என்ற ஒரு சொல்லில் அடக்கிவிட, அச்சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் நம் மனமோ பயம் ஒன்றையே நினைக்கிறது. குலைநடுக்கம், தொடைநடுங்கி முதலிய வழக்குகள் அந்த எண்ணத்தை வேரூன்றச் செய்துவிட்டன.

தொல்காப்பியர் அவ்விதம் கருதினாரில்லை. மெய்ப்பாட்டியலில், நகை அழுகை முதலிய எட்டுக்கும் புறம்பாக அவர் எண்ணிச் சொல்லும் 32 மெய்ப்பாடுகளில், அஞ்சுதலாகிய வெரூஉதல் இடையே ஓரிடத்தில் நிற்க, நடுக்கு என்பது தனியே, அனைத்துக்கும் இறுதியில் வைக்கப்பட்டிருக்கிறது. அச்சமும் நடுக்கமும் ஒன்றேயாயின் இரண்டையும் வேறு வேறாக எண்ணவேண்டிய அவசியம் அவருக்கு நேர்ந்திராது. உரியியலிலோ, அதிர்வு, விதிர்ப்பு என்னும் இரண்டு சொற்களுக்கும் நடுக்கமே பொருள் என்கிறார். அவற்றுள் அதிர்வு இன்று வேட்டுச் சத்தத்துக்கும், நிலத்துக்கும், சட்டைப்பையிலுள்ள கைபேசிக்கும் உரியதாகிவிட்டது. விதிர்ப்போ, விதிர்விதிர்த்தான் என்று எப்போதாவது ஓர் எழுத்தாளர் எழுதும்போது மட்டும் தலைகாட்டுகிறது. இவ்வளவு அழகிய சொல்லை நாம் கைவிட்டது எனக்கு வருத்தமே.

வடமொழியிலிருந்து வந்த கம்பம் என்ற சொல்லுக்கும் நடுக்கமே பொருள். பூகம்பம் அதனாலேயே நிலநடுக்கமாகிறது. அசையாது நிற்கும் தூணையும் நாம் கம்பம் என்கிறோமே எனில், அது வேறொரு மூலத்திலிருந்து வந்து உருவத்தால் மட்டும் ஒன்றுபட்டது. பரதரின் நாட்டிய சாஸ்திரம், உள்ளத்து உணர்ச்சி சரீரத்தில் தானே வெளிப்படும் எட்டுச் சாத்விக பாவங்களுள் வேபது என்று நடுக்கத்தையும் சேர்த்திருக்கிறது. சங்கீதத்திலே ஸ்வரத்தை அசைத்துப் பாடும் கமகத்துக்குக் கம்பிதம் என்று பெயர். தோடி ராகத்தின் காந்தாரத்தை அசைக்காமல் நேராக நிறுத்திப் பாடினால் அங்கே தோடியின் ஜீவனே இராது என்பதை எண்ணும்போது, நடுக்கம் என்பது குறைபாடுதான் என்று யார் சொல்லத் துணிவார்?

குளிரில் வரும் நடுக்கத்துக்கும் பயத்துக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. உடல் உஷ்ணம் குறையும்போது, மூளையின் ஆணையால் தசைகள் விரைவாகச் சுருங்கி விரிந்து வெப்பத்தை உண்டாக்குகின்றன. காய்ச்சலின் தொடக்கத்தில் போர்வைக்குள் பல் கிட்டுவதும் அதனாலேயே.

இவை எல்லாவற்றினும் நம் கவனத்துக்கு உரியது நடுக்குவாதம். லண்டன் மருத்துவரான ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-ஆம் ஆண்டில் இந்நோயைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதியமையால் உலகம் இதை அவர் பெயரால் அழைக்கிறது. மூளையில் டோபமின் என்ற பொருளைச் சுரக்கும் அணுக்கள் சிறிது சிறிதாக அழிவதால், மடிமீது சும்மா வைத்திருக்கும் கை தானே ஆடத் தொடங்குகிறது. ஆயுர்வேதம் கம்பவாதம் என்று குறிப்பிட்ட வியாதியும் இதனோடு ஒத்தது; அதற்குக் கொடுத்துவந்த பூனைக்காலி விதையில், இன்றைய வைத்தியர்கள் மாத்திரையாகக் கொடுக்கும் லெவோடோபா இயற்கையாகவே இருப்பது ஆராய்ச்சியில் தெரியவந்தது.

இந்நோயாளர் காப்பித் தம்ளரை எடுக்கும்போது பக்கத்தில் இருப்பவர், “ஏன் ஐயா பயப்படுகிறீர்கள்?” என்று கேட்டுவிடுகிறார். அவர் பயப்படவில்லை. ஆயினும் அக்கேள்வி அவரைக் கூச வைக்கிறது. கூச்சமும் கவலையும் மிகுந்தால் இந்த நடுக்கம் அதிகரிக்கும், உறக்கத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும் என்பது மருத்துவர் நன்கறிந்த உண்மை. பார்க்கிற கண்களே கையை மேலும் ஆட்டிவைக்கின்றன.