வளைந்த வேரும் வளையும் ஃபைலும்

கீழ்த்தாடையின் முதல் கடைவாய்ப்பல்லில் முன்பக்க வேருக்குள் பெரும்பாலும் இரண்டு நுண்குழாய்கள் இருக்கின்றன. அவை நேராக இறங்காமல் பின்னோக்கி வளைந்தே வேர்நுனியைச் சேர்கின்றன. சொத்தை ஆழமாகி உள்ளிருக்கும் நரம்பும் இரத்த நாளங்களும் அழுகிவிட்டால், அக்குழாய்களைச் சுரண்டிச் சுத்தம் செய்து அடைப்பதே மக்கள் 'ரூட் கெனால்' என்று சொல்லும் வேர் சிகிச்சை. சுரண்டும் கருவிக்கு ஃபைல் என்று பெயர். அது உடலெங்கும் புரி ஓடும் ஊசி போன்ற கம்பி.

பழைய ஃபைல்கள் எஃகால் ஆனவை. 10 எண் ஃபைலின் நுனி 0.10 மில்லிமீட்டர், 20 எண்ணின் நுனி 0.20 மில்லிமீட்டர் பருமன் கொண்டது. பருமன் இருமடங்கானால் ஒரே வடிவக் கம்பியின் விறைப்பு 16 மடங்காகிவிடும் என்பதால், மெல்லிய ஃபைல் வளைவோடு இசைந்து போனாலும், அடுத்தடுத்து வரும் பருத்த ஃபைல்கள் நிமிரவே முயல்கின்றன. அப்போது வேர்நுனியருகே வளைவின் வெளிச்சுவரும், நடுப்பகுதியில் உட்சுவரும் அளவுக்கு மேல் தேய்ந்து, சில சமயம் வேரிலேயே ஓட்டை விழுந்துவிடுகிறது.

இதற்கு மாற்று, பல்லைச் சீராக்கக் கட்டும் கம்பியிலிருந்து கிடைத்தது. நிக்கலும் டைட்டானியமும் கலந்த அந்தக் கம்பியில் ஃபைல் செய்து பார்த்த வாலியாவும் அவருடைய இரு சகாக்களும், அது எஃகைவிட இரண்டு மூன்று மடங்கு எளிதாக வளைகிறது என்று 1988-இல் வெளியிட்டனர். அதன் பிறகே மோட்டாரில் பூட்டிச் சுழற்றும் ஃபைல்கள் பரவின.

எஃகு, நிக்கல்-டைட்டானியம் ஆகிய இருவகை ஃபைல்களையும் ஒப்பிட, பிடுங்கிய பற்களைச் சுரண்டுவதற்கு முன்னும் பின்னும் நுண் சி.டி. ஸ்கேன் எடுத்து, இரு படங்களையும் ஒன்றன்மேல் ஒன்று பொருத்திப் பார்க்கிறார்கள். குழாயின் இயல்பான வளைவைக் காப்பதில் நிக்கல்-டைட்டானியம் முந்துகிறது என்பதில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் வளைவைக் காப்பது வேறு, சுத்தம் செய்வது வேறு. 2001-இல் பீட்டர்ஸ் குழுவினர் நான்கு வகை நிக்கல்-டைட்டானிய முறைகளைச் சோதித்தபோது, எந்த முறையிலும் குழாய்ச் சுவரில் 35 சதவீதமோ அதற்கு மேலோ தீண்டப்படாமலே இருந்தது. ஃபைல் எட்டாத அந்த இடங்களைச் சோடியம் ஹைப்போகுளோரைட் திரவம்தான் எட்டிக் கழுவ வேண்டியிருக்கிறது. விளம்பரங்கள் ஃபைலைப் பேசும் அளவுக்கு இத்திரவத்தைப் பேசுவதில்லை.

நிக்கல்-டைட்டானியத்துக்கு மற்றொரு குறையும் உண்டு. எஃகு ஃபைல் களைத்தால் அதன் புரி பிரிந்து கண்ணுக்குத் தெரியும். இதுவோ வளைவுக்குள் சுழலும்போது ஒவ்வொரு சுற்றிலும் மாறி மாறி இழுபட்டும் நசுங்கியும் தளர்ந்து, முன்னறிவிப்பின்றி உள்ளேயே முறிந்துவிடக்கூடும்.

ஆகவே நாமகிரிப்பேட்டையிலிருந்து திருச்செங்கோட்டுக்கோ சேலத்துக்கோ பல் மருத்துவக் கல்லூரியை நாடிச் செல்பவருக்கு இரண்டு வகைக் கருவியும் தேவைப்படலாம்: நுனியைச் சற்றே வளைத்த 10 எண் எஃகு ஃபைலைக் கையால் செலுத்தி வேர்நுனிவரை வழி திறந்துகொண்ட பிறகே, நிக்கல்-டைட்டானிய ஃபைலை மோட்டாரில் பூட்டுவது வளைந்த வேருக்குரிய நடைமுறை.