மூணு தரம் இல்லாத ஏலம்: விலை குறித்துச் சில குறிப்புகள்

'ஏலம்' என்கிற சொல் போர்த்துகீசியர் வழியாகத் தமிழுக்குள் வந்தது. சொல்தான் இரவல், வினைகள் நம்முடையவை. ஒருவர் ஏலம் விடுகிறார், ஒருவர் கேட்கிறார், ஒருவர் எடுக்கிறார், ஒருவருக்கு அது போகிறது. ஏலம் பற்றிய பொருளாதாரச் சொல்லாடல் அனேகமாக நடு இரண்டு வினைகளோடு நின்றுவிடுகிறது: எப்படிக் கேட்பது, எப்படி எடுப்பது. நானும் அதை விளக்கத்தான் போகிறேன். ஆனால் 'அவனுக்கு வீடு ஏலத்துல போயிருச்சு' என்று ஊர் சொல்கிறதே, அந்த நான்காம் வேற்றுமையில் நிற்கிறவனை மறந்துவிட்டு அல்ல.

சிவகாசியிலிருந்து இதை எழுதக் காரணமிருக்கிறது. நாளிதழின் உள்பக்கத்தில் பொடி எழுத்தில் வரும் வங்கி ஏல அறிவிப்புகளைச் சில வருடங்களாகக் கத்தரித்து வைத்து வருகிறேன். சிவகாசி, திருத்தங்கல், சாத்தூர் விலாசங்கள். ஆப்செட் அச்சகம், தீப்பெட்டி ஆபீஸ் (இங்கே ஆலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம்), கடனுக்கு ஜாமீனாக வைத்த குடியிருப்பு வீடு. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புக்கும் சரவெடிக்கும் தடை விதித்ததும், அந்த நவம்பரிலிருந்து பட்டாசு ஆலைகள் மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்ததும் வாசகர்களுக்கு நினைவிருக்கும். பட்டாசு நின்றால் அட்டைப்பெட்டி நிற்கும், லேபிள் நிற்கும், அச்சகம் நிற்கும், மினிலாரித் தவணை நிற்கும். 90 நாள் தவணை நின்றால் வங்கிப் புத்தகத்தில் அதற்குப் பெயர் வாராக்கடன்.

அதன் பிறகு வருவது 2002இன் சர்ஃபாசி சட்டம். நீதிமன்றப் படி ஏறாமலே அடமானச் சொத்தை வங்கி விற்றுக்கொள்ள அது வழி செய்தது. முதலில் 60 நாள் நோட்டீஸ், பிறகு சொத்து வங்கியின் சுவாதீனத்துக்கு, பிறகு அங்கீகரிக்கப்பட்ட மதிப்பீட்டாளரின் கணக்கு, அதை வைத்து ஓர் அடிமட்ட விலை, பிறகு ஏலம். ஏலம் இப்போது திரையில். பொதுத்துறை வங்கிகளுக்காக 2025 ஜனவரியில் 'பேங்க்நெட்' என்ற பொதுத் தளம் வந்தது. கேட்க விரும்புகிறவர் பதிவு செய்துகொண்டு அடிமட்ட விலையில் வழக்கமாகப் பத்தில் ஒரு பங்கை முன்பணமாகக் கட்ட வேண்டும். குறித்த நாளில், குறித்த மணியில், அறிவிப்பில் சொன்ன ஏற்றத்தொகை கூட்டிக் கூட்டிக் கேட்கலாம். பெயர் தெரியாது. தொகை மட்டும் ஏறும்.

மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசுவதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே முகம் வெளியே, விலை துண்டுக்குள். திரையில் விலை வெளியே, முகம் துண்டுக்குள்.

'கடைசி நொடி வரைக்கும் வாயைத் திறக்காதே' என்பது இணைய ஏலத்தின் பாலபாடமாகச் சொல்லப்படுகிறது. 1995இல் தொடங்கிய இபேயில் இது பலித்தது. அங்கே கடிகாரம் நின்றால் ஏலம் முடிந்தது; ஆகவே கடைசி நொடியில் தானாகக் கேட்டுத்தருகிற மென்பொருள்களே விற்பனைக்கு வந்தன. ஆல்வின் ராத்தும் ஆக்செல் ஆக்கன்ஃபெல்ஸும் 2002இல் இபேயையும் அமேசான் அப்போது நடத்திவந்த ஏலத்தையும் ஒப்பிட்டு எழுதினார்கள். அமேசானில் கடைசி 10 நிமிடத்துக்குள் யாராவது கேட்டால் முடிவு நேரம் தள்ளிப்போகும். அங்கே இந்தப் பதுங்கல் மிகக் குறைவாக இருந்தது. இதில் நமக்குப் புதிதாக என்ன இருக்கிறது? 'ஒரு தரம்... ரெண்டு தரம்...' என்று ஏலம் விடுபவர் இழுப்பது இதற்குத்தானே. மூணு தரம் சொல்லி முடிப்பதற்குள் எவன் கேட்டாலும் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து. வங்கி ஏலங்களும் இந்த வழியைத்தான் பிடித்திருக்கின்றன. முடியப்போகிற சில நிமிடங்களில், வழக்கமாக 5 நிமிடம், யாராவது கேட்டால் இன்னொரு 5 நிமிடம் கூடும். ஆகவே இங்கே பதுங்கிப் பாய்வதில் லாபமில்லை.

கருவிகள் பற்றிய பேச்சு பெரும்பாலும் பதற்றத்தின் பேச்சு என்பது என் அபிப்பிராயம். இபேயில் உங்கள் உச்சவரம்பைப் பதிந்துவிட்டால் அதுவே உங்கள் சார்பில் கேட்டுக்கொண்டு போகும். ஜெயித்தவர் கட்டுவது இரண்டாமவர் நின்ற இடத்துக்கு மேல் ஓர் ஏற்றம்தான். வில்லியம் விக்ரி 1961இலேயே இதன் தர்க்கத்தை எழுதிவிட்டார் (நோபல் 1996இல்தான் வந்தது). ஜெயித்தவர் இரண்டாவது விலையைக் கட்டுகிற ஏலத்தில் பொய் சொல்லி லாபமில்லை, மனதிலுள்ள மதிப்பைச் சொல்வதே உத்தி. வாய்விட்டு ஏறுகிற ஏலத்திலும் இதே கதைதான், உன் வரம்பு வரை போ, அங்கே நில். முந்தின நாளே தாளில் எழுதி வைத்துக்கொள்கிறவன் தப்பிப்பான். எதிரில் முகமில்லாத எண் ஏறும்போது 'இன்னும் ஒரு ஏத்தம்தானே' என்று விரல் தானாகப் போகும்.

இது அவரவர் மதிப்பு அவரவருக்கு என்று இருக்கிற பொருளுக்குப் பொருந்தும். எல்லோருக்கும் ஒரே மதிப்புதான், ஆனால் அது என்னவென்று யாருக்கும் தெரியாது என்கிற பொருளில் நிலைமை வேறு. அமெரிக்க எண்ணெய்க் கம்பெனிப் பொறியாளர்கள் கேப்பன், கிளாப், கேம்பல் மூவரும் 1971இல் மெக்சிகோ வளைகுடா ஏலங்களை வைத்து இதைச் சொன்னார்கள். ஆளுக்கொரு மதிப்பீடு போடுகிறபோது எடுப்பவன் யாரென்றால் அதிகமாகத் தப்புக்கணக்குப் போட்டவன். வென்றவன் சாபம். பட்டாசு ஆபீஸ் இடத்துக்கு இது அச்சொட்டாகப் பொருந்துகிறது. அறிவிப்பில் ஏக்கர் இருக்கும், ஷெட்டுகளின் எண்ணிக்கை இருக்கும். ஆனால் அங்கே மதிப்பு மண்ணில் இல்லை, வெடிபொருள் உரிமத்தில் இருக்கிறது. ஏலத்தில் மண் வரும், உரிமம் கூடவே வந்துவிடாது. 'இருக்கிற நிலையில், இருக்கிற இடத்தில்' என்று ஒரு வரி அறிவிப்பில் இருக்குமே, அதன் பொருள் இதுதான்: பழைய வில்லங்கம் உன்னுடையது.

இன்னொரு சிக்கல் காசு. ஏலம் எடுத்தவர் அன்றோ மறுவேலை நாளிலோ முன்பணத்தோடு சேர்த்து 25 சதம் கட்டியாக வேண்டும். மீதி, விற்பனை உறுதியான 15 நாளுக்குள். எழுத்தில் ஒப்பினால் அதிகபட்சம் 3 மாதம். கட்டத் தவறினால் 25 சதமும் போகும். அதில் வங்கிக்கு உண்மையில் நட்டம் எவ்வளவு என்று பார்க்க வேண்டியதில்லை என 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கடன் வாங்கி எடுக்கலாம் என்று நினைக்கிறவர் இங்கேதான் அடிபடுகிறார். ரொக்கம் உள்ளவனுக்கே இந்த மைதானம்.

ரொக்கம் உள்ளவன் காத்திருக்கவும் முடியும். முதல் ஏலத்தில் யாரும் கேட்காவிட்டால் அடிமட்ட விலையைக் குறைத்து மறு ஏலம் விடுவார்கள். முதல் அறிவிப்புக்கு 30 நாள் அவகாசம் வேண்டும், மறு ஏலத்துக்கு 15 நாளே போதும். நாலு பேர் தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டு சும்மா இருந்தால் போதும், விலை அடிமாட்டு விலைக்கு இறங்கி வரும். என் அச்சக நண்பர் ஒருவரிடம் ஒரு வியாபாரி சொன்னது: 'அவசரப்படாதீங்க அண்ணாச்சி, ரெண்டு வாட்டி பழுக்கட்டும்.' தீப்பெட்டி ஆபீஸ் பெண்களின் ஏலச்சீட்டிலும் இதே விதிதான். முடை இருக்கிறவள் அதிகம் தள்ளி எடுப்பாள், முடை இல்லாதவள் கடைசிவரை இருந்து கழிவைத் தின்பாள். ஆனால் சீட்டில் அந்தக் கழிவு கூட இருக்கிறவர்களுக்குள்ளேயே சுற்றுகிறது, யாருக்கு என்ன முடை என்பதும் தெரிந்திருக்கிறது. திரையில் விலை இறங்குவதன் சுமை ஒருவன் தலையில்தான் விழுகிறது. சொத்து கடனை அடைக்காவிட்டால் மிச்சப் பாக்கிக்கும் அவனையே துரத்தலாம். சந்தை 'விலையைக் கண்டுபிடிக்கிறது' என்கிறார்கள், 1945இல் ஹாயெக் எழுதியதிலிருந்து இந்தப் பாட்டு ஓயவில்லை. எதைக் கண்டுபிடித்தது? யாரால் காத்திருக்க முடியும் என்பதை.

இதனால் பழைய ஏலம் நல்லது என்று நான் சொல்லவில்லை. நம் பக்கத்துக் கண்மாய் மீன் ஏலத்தையும் கருவேல மர ஏலத்தையும் பார்த்தவர் எவரும் அப்படிச் சொல்ல மாட்டார். மரத்தடியில் யார் கேட்கலாம் என்பதை ஏலத்துக்கு முந்தின ராத்திரியே ஊர்ப் பெரியவர்கள் தீர்த்துவிடுவார்கள். காலனியிலிருந்து வந்து ஒருவர் ஒரு தரம் கேட்டுவிட்டால் மறுநாள் அவருக்கு ஊரில் வேலை இருக்காது. முகம்தான் அங்கே ஆயுதம். அந்த மனிதருக்கு முகமில்லாத் திரை ஒரு விடுதலை என்பதை நம் தோழர்கள் ஒத்துக்கொள்ளத் தயங்குகிறார்கள். அதே முகம்தான் 'பங்காளி வீட்டை நான் எப்படிக் கேப்பேன்' என்று ஒருவனை நிறுத்தியும் வைத்தது. திரை இரண்டையும் ஒரே வீச்சில் அழித்தது. ஜாதியின் இடத்தில் பத்து சதம் முன்பணம் வந்து உட்கார்ந்துகொண்டது, அது எல்லா இடத்திலும் ஜாதியை அகற்றிவிடவில்லை என்பது வேறு விஷயம்.

கடைசியாக, போராட்டக்காரர்களுக்கு. ஏல நாளன்று வங்கி வாசலில் கொடி பிடித்து நிற்பதைக் கண்டிருக்கிறேன். அன்றைக்கு வாசலில் ஏலமே நடப்பதில்லை. அது எங்கோ ஒரு கணினியில் நடக்கிறது. தவிர, சண்டைக்கான தேதி அதற்கு வெகுமுன்பே கழிந்துவிட்டது. 2016க்கு முன் விற்பனை முடிகிற வரை பாக்கியைக் கட்டிச் சொத்தை மீட்கலாம். 2016 திருத்தத்துக்குப் பின் ஏல அறிவிப்பு வெளியாகிற நாளோடு அந்த உரிமை முடிகிறது. 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. ஆகவே முதல் 60 நாள் நோட்டீஸ் கைக்கு வந்தவுடனேயே எழுத்தில் ஆட்சேபம் கொடுக்க வேண்டும், வங்கி 15 நாளுக்குள் பதில் சொல்லியாக வேண்டும். சுவாதீனம் எடுத்த 45 நாளுக்குள் மதுரைக் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். விவசாய நிலத்தின் மேல் இந்தச் சட்டம் செல்லாது. ஆலை ஏலத்துக்கு வருகிறதென்றால் தொழிலாளிகளின் வருங்கால வைப்பு நிதிப் பாக்கியைக் கணக்கெடுத்து முன்கூட்டியே கோர வேண்டும். 1952 சட்டத்தின் 11ஆம் பிரிவு அதைச் சொத்தின் மீதான முதல் பாத்தியம் என்றது, 2009இல் உச்ச நீதிமன்றமும் அப்படியே தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. நான் கத்தரித்து வைத்திருக்கும் ஆலை அறிவிப்புகளில் தொழிலாளர் பாக்கி எவ்வளவு என்று போட்டது ஒன்றுகூட இல்லை.